செம்பருத்தியில் ஓடிய வெள்ளைப் புழு

கணவர் இறந்த பதினேழாம் நாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு இன்னும் திரும்பவில்லை. வாசல் செம்பருத்தியில் அப்பியிருந்த மாவுப்பூச்சிகளைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, கை மட்டும் ஓடியது. ஒன்று மட்டும் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகளோடு வேகமாக நகர்ந்தது. உடுமலையில் தோப்பு வைத்திருக்கும் நாத்தனார் துணைக்கு வந்து தங்கியிருந்தாள்; அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அதைக் கொல்லாதீங்க நங்கையா. மாவுப்பூச்சி இப்படி ஓடாதுங்க. இது பொறிவண்டுப் புழு. மாவுப்பூச்சியத் திங்கத்தான் வந்திருக்குது.”

துணியை விரித்துப் பார்த்தேன். அதே நீண்ட இழைகளோடு நாலைந்து நசுங்கிக் கிடந்தன.

“தெரியாமக் கொன்னுட்டேன்” என்றேன். வருத்தம் வரும் என்று சற்று நின்றேன். வரவில்லை.

அவள் துணியை வாங்கிக்கொண்டு, “உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடுங்க” என்றாள்.

போய்ச் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று அவள் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.