நாற்பத்திரண்டு அங்குலம்

அந்தத் தெருவில் அவருக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பேரான ரசமட்டம் என்று பேர். தரைக்கு டைல்ஸ் பதிப்பது தொழில். பதித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைப்பார். அது உருளாமல் நின்றால்தான் கரண்டியைக் கழுவிப் பையில் போடுவார். குளியலறையில் மட்டும் அது ஓடிப்போய்த் தண்ணீர் வெளியேறும் ஓட்டை வாயில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயர்த்து மறுபடி பதிப்பார்.

அவரே கட்டிய வீட்டில், சாலையிலிருந்து தரை இரண்டடி உயரம். நகராட்சி ஒப்புதல் கொடுத்த வரைபடத்திலும் அப்படியே இருந்தது. வாசலுக்கு மூன்று படி. கதவு நிலை ஏழடி.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தெருவுக்கு ஏழு முறை சாலை போட்டார்கள். முதல் படியைத் தேர்தல் விழுங்கியது. அடுத்ததைக் குழாய் பதித்தவர்கள் மூடினார்கள். மூன்றாவது, ஒரு மந்திரி திறப்பு விழாவுக்குப் போன வழியில் காணாமல் போனது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று அரசு ஆணை உண்டு. அதன் நகல் அவர் ஃபைலில் இருந்தது. சுரண்டும் இயந்திரத்தை மட்டும் அந்தத் தெரு பார்த்ததேயில்லை. மூன்று கட்சிக்கும் மாறி மாறி ஓட்டுப் போட்டுப் பார்த்தார். எல்லாரும் ஒரே மாதிரிதான் தார் ஊற்றினார்கள்.

மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரத் தொடங்கியதும் தரையை ஒன்பது அங்குலம் ஏற்றினார். சில வருடம் கழித்து இன்னொரு ஒன்பது. ஒவ்வொரு முறையும் கதவின் அடியை அறுத்தார். ஏழடி வாசல் ஐந்தரை அடியானது. எதிர்வீட்டுத் தையல்காரர் உள்ளே வரும்போதெல்லாம் குனிந்து, "ரசமட்டம், உங்க வீட்டுக்கு வந்தா மரியாதை தானா வருது" என்பார்.

மனைவி நாலடி எட்டு அங்குலம். குனிய வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

"இன்னும் ரெண்டு ரோடு போடட்டுங்க. ஃபேனைக் கையாலேயே சுத்திக்கலாம், கரண்ட்டு மிச்சம்" என்பாள்.

இரண்டு முழங்காலும் தேய்ந்து, சுவரைப் பிடித்து நடப்பவள் அவள். தண்ணீர் புகுந்தால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. இரண்டு முறை ஏற்றியும், சாலையும் தரையும் இப்போது ஒரே மட்டத்தில் இருந்தன. அந்த நேரத்தில்தான் ஆளுங்கட்சித் தலைவர் வருகிறார், எட்டாவது முறை சாலை என்று செய்தி வந்தது. இந்த ஒரு முறையாவது சுரண்டிவிட்டுப் போடட்டும் என்று மனு எழுதி, ஃபைலைத் தூக்கிக்கொண்டு நகராட்சி இன்ஜினியரிடம் போனார்.

இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். "பிளான்ல தரை ரெண்டடி உயரம். இப்ப ரோடும் தரையும் ஒரே மட்டம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ தாழ்வா கட்டினது நீங்கதானே?"

"சார், ரோடுதான் சார் ஏறிச்சு. நான் தரையை ரெண்டு தடவை ஏத்தியும் எட்டலை."

"ஏத்தினீங்கன்னு யாருக்குத் தெரியும்? பழைய தரை எங்கே?"

"அடியில இருக்கு சார்."

"அப்போ காட்டுங்க. திங்கட்கிழமை வரேன். கண்ணால பார்த்துட்டா, சுரண்டிட்டுப் போடுங்கன்னு எழுதிக் கொடுத்துடறேன்."

மகன் வேறு ஊரில் பாலம் கட்டும் கம்பெனியில் இருந்தான். ஃபோனில் கேட்டதும் கணக்குப் போட்டுவிட்டான். "பழைய தரை பதினெட்டு அங்குலம் கீழே. பிளான்படி அது ரோட்டுக்கு இருபத்துநாலு மேலே இருந்திருக்கு. ரோடு நாற்பத்திரண்டு அங்குலம் ஏறியிருக்குப்பா. தோண்டிடுங்க. அது தெரிஞ்சிட்டா எவனும் மறுக்க முடியாது."

தோண்டினார். கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே, இரண்டடிக்கு இரண்டடி. தன் கையால் பதித்த டைல்ஸை உளியால் உடைக்க இரண்டு நாள் ஆனது. ஒன்றரை அடி ஆழத்தில் முதல் தரை, வெளிர் பச்சை, கீறல் இல்லாமல் இருந்தது. குண்டை வைத்தார். நின்றது.

மனைவி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நம்ம பையன் தவழ்ந்த தரைங்க. இன்னும் பளபளன்னு இருக்கு பாருங்க."

"யார் போட்டது!" என்றார். வெகு நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள். குழியின் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடினார்.

திங்கட்கிழமை இன்ஜினியர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன் மதியம் ரசமட்டம் தானே அலுவலகத்துக்குப் போனார். வாசல் மேசையில் ஒரு எழுத்தர் மட்டும் இருந்தார்.

"சார் மேடை பார்க்கப் போயிருக்கார் பெரியவரே."

"எப்ப வருவார்?"

"தலைவர் வந்துட்டுப் போனதும்."

"அதுக்குள்ள ரோடு போட்டுடுவாங்களேப்பா."

"பின்னே? தலைவர் காரு குலுங்கினா எங்க வேலையில்ல குலுங்கும்!"

அப்போது மழை பிடித்தது. விட்டதும் போகலாம் என்று அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் நின்றார். விடவில்லை. நனைந்துகொண்டே நடந்தார். தெருமுனையில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

வீட்டுக்குள் பலகை கதவோரம் மிதந்துகொண்டிருந்தது. மனைவி ஒரு கால் குழிக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக, மார்பளவு கலங்கல் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். ஃபைலை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். ஃபைல் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. எடுக்கத்தான் இறங்கியிருக்கிறாள்.

"ஏங்க, நனையலைங்க" என்றாள். "பேப்பர் எதுவும் நனையலை."

ஸ்ட்ரெச்சரைத் தூக்கியவர்கள் இருவரும் உயரமானவர்கள். வாசலைத் தாண்ட அவர்கள் முழங்காலை மடக்கி, அவளைச் சாய்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் நடந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்தாம் நாள், சுரண்டாமலேயே இன்னும் நாலங்குலம் போட்டுவிட்டுப் போனார்கள். தலைவரின் கார் தெருவைக் கடக்கப் பதினோரு விநாடி ஆயிற்று என்று தையல்காரர் சொன்னார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று மனைவியின் அண்ணன் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "யார் பேச்சைக் கேட்டு மாப்பிள்ளை, நடு வீட்டுல இப்படி தோண்டினீங்க?"

மகன் சுவரோரம் நின்றிருந்தான். அவன் நிமிர்வதை அவர் பார்த்தார்.

"யாரும் சொல்லலை மச்சான். எனக்கேதான் தோணிச்சு" என்றார்.

 

மறுநாள் கவுன்சிலர் துக்கம் கேட்க வந்தார். சாலையிலிருந்து உள்ளே காலை வைத்தவர், தரை இறக்கமாக இருந்ததில் தடுமாறி, நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"என்னங்க இது," நெற்றியைத் தேய்த்தார், "வாசலை இவ்வளவு தாழ்வா வெச்சிருக்கீங்க?"

"ஏழடி வெச்சேன்."

கவுன்சிலருக்கு அதற்குள் ஃபோன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே ஒரு கையால் கும்பிட்டுவிட்டு, இந்த முறை கவனமாகக் குனிந்து வெளியேறினார்.

ரசமட்டம் கதவு நிலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த மழைக்குள் தரையை ஏற்றியாக வேண்டும். இன்னொரு ஒன்பது அங்குலம். கதவை அறுக்க வேண்டும். வாசல் நாலடி ஒன்பதாகும். தான் நன்றாகவே குனிய வேண்டியிருக்கும். பரவாயில்லை, அவளுக்கு இடிக்காது, ஒரு அங்குலம் மிச்சம் இருக்கிறது என்று கணக்கை முடித்தார். முடித்த பிறகு, கட்டிலைப் பார்த்தார்.