ஜூஜூவாடி தாண்டினால் எரியும் விளக்கு

நம்புகிறவர்கள் நம்புங்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. ஒயர் இருந்தால்தான் கரண்ட் வரும் என்று நினைக்கிற ஆள் நான். பேய், பிசாசு என்று கேன்டீனில் யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது.

என் மனைவி ஜாஸ்லினுக்கு இதயத்தில் வால்வு கோளாறு. ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்காமல் காத்திருந்தோம். மூச்சு முட்டினால் உடனே பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். பின் சீட்டில் அவள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ள இடம் இருந்தது.

முதல் தடவை செக்கப்புக்குப் போனபோதே, மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி தாண்டியதும் டீசல் இல்லை என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆனால் டீசல் முள் பாதிக்கு மேல் நின்றது. பழைய வண்டி, லூஸ் கனெக்‌ஷன் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த தடவையும் அதே இடத்தில் எரிந்தது.

பாகலூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தீர்த்தகிரியிடம் விட்டேன். டேங்கைக் கழற்றி, டீசல் அளவைக் காட்டும் மிதவையைப் பார்த்தார். ஒயரை மாற்றினார். இருவரும் ஜூஜூவாடி வரை ஓட்டிப் பார்த்தோம். எரியவில்லை. தனியாக ஓட்டினேன். எரியவில்லை. ஜாஸ்லின் பின் சீட்டில் படுத்திருந்தால் மட்டும் எரிந்தது.

தீர்த்தகிரி எரிச்சலாகி மீட்டர் போர்டைப் பிரித்தார். பல்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இனிமே எரிஞ்சா என்னைக் கேளுங்க சார்."

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். நல்ல மழை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், ஜாஸ்லின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உதடு நீலமாக இருந்தது. அள்ளிக்கொண்டு போய் பின் சீட்டில் படுக்க வைத்தேன். டீசலைப் பற்றிக் கவலை இல்லை. ஓசூர்க்காரர்கள் பலரைப் போல நானும் எல்லை தாண்டி, விலை குறைவான கர்நாடகா பங்கில்தான் போடுவேன். முந்தைய நாள்தான் டேங்கை நிரப்பியிருந்தேன்.

மணி 6:40. ஜூஜூவாடி தாண்டினோம்.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

பல்பே இல்லாத இடத்தில்...

பார்க்கக் கூடாது என்று ரோட்டையே பார்த்தேன்.

"ஏங்க..." பின்னாலிருந்து ஜாஸ்லின். "என் கால்மாட்டுல யாரோ இருக்காவ."

"யாரும் இல்லம்மா. கண்ணை மூடிக்க."

"ஒரு பொம்பள... அழுதாவ."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் மட்டும்தான் இருந்தாள். ஆனால் காலை மடக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கோ இடம் விட்டது போல.

டக்... டக்... டக்...

டீசல் முள் சரிந்தது. என் கண் முன்னால். முக்கால்... பாதி... கால்...

பூஜ்யம்.

"டீசல் நோடி..."

டீசலைப் பாருங்கள் என்று கன்னடத்தில்.

ஜாஸ்லினின் வாய்தான். குரல் அவளுடையது இல்லை. அவள் தூத்துக்குடிக்காரி. கன்னடம் தெரியாது.

"டீசல் நோடி... டீசல் நோடி..."

நடுரோட்டில், இந்த மழையில், வண்டி நின்றுவிட்டால்?

எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி பங்கில் திருப்பினேன். முன்னால் ஏழெட்டு வண்டிகள். எல்லாம் நம் ஊர் நம்பர். ஹாரன் அடித்தேன். இறங்கிப்போய்க் கெஞ்சினேன். யாரும் நகரவில்லை.

என் முறை வர கால் மணி நேரம் ஆனது. பங்க் ஆள் குழாயை வைத்த உடனே டீசல் வழிந்து அவர் செருப்பில் கொட்டியது.

"ஃபுல் இதே சார்! ஃபுல்லா இருக்கு, எதுக்கு வந்தீங்க?"

திரும்பி உள்ளே பார்த்தேன். முள் முழுதாக ஏறி நின்றது.

விளக்கு அணைந்திருந்தது.

ஜாஸ்லின் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தோளைத் தொட்டார். "கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..." என்றார்.

அடக்கம் முடிந்து நாற்பது நாள் அந்தக் காரைத் தொடவில்லை. பிறகு விற்றுத் தொலைக்க முடிவு செய்தேன். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருந்தது. கையெழுத்து வாங்க தேன்கனிக்கோட்டை பக்கத்தில் அவர் தோட்டத்துக்குப் போனேன். நாகராஜப்பா என்று பெயர். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். விளக்கைப் பற்றிக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"என் சம்சாரம் கெம்பம்மா அந்த பின் சீட்லதான் உயிரை விட்டா. நெஞ்சு வலி. பெங்களூருக்குப் போயிட்டிருந்தோம். எல்லை தாண்டி டீசல் போட்டுக்கலாம்னு நினைச்சேன். ஜூஜூவாடி தாண்டின உடனே வண்டி நின்னுபோச்சு. ஒருத்தனும் நிறுத்தல."

"அன்னைக்கும் விளக்கு எரிஞ்சுதா?"



"எங்ககிட்ட இருந்தவரைக்கும் அந்த விளக்கு எரிஞ்சதே இல்லை சார். ரிப்பேர். அது எரிஞ்சிருந்தா அவ பொழைச்சிருப்பா."

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்த அம்மாள் மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. தனக்கு நடந்தது ஜாஸ்லினுக்கு நடக்கக் கூடாது என்றுதான் அவர் அந்த விளக்கை எரியவிட்டிருக்கிறார். எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.