அப்பா நின்று பார்த்த சைக்கிள்

எங்கள் குளுவாங் கடைத்தெருவில் அப்பாவைப் போல நின்று நிதானமாக வேடிக்கை பார்க்கிற மனிதர் வேறு யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனால் நாலு கடைக்கு ஒருமுறை நின்றுவிடுவார். கடிகாரக் கடையோ பாத்திரக் கடையோ, ஒரு நிமிஷம் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நகருவார். "இந்த மனுசன் கூட வந்தா மீனெல்லாம் வித்து முடிஞ்சிரும்," என்று அம்மா முன்னால் போய்விடுவாள்.

சைக்கிள் கடை முன்னால் நிற்க ஒரு வாரமும் தவறியதில்லை. அங்கே ஒரு சிவப்புச் சைக்கிள் நின்றது. ஒன்பது வயதில் இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அது எனக்குத்தான் என்று முடிவுகட்டி, வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். யார் யாரைப் பின்னால் ஏற்றுவது என்றுகூடப் பட்டியல் போட்டாயிற்று. கடை முதலாளியான சீனத் தவுக்கேயும் என் கட்சிதான். அப்பா வாயே திறக்காததால் பேரத்தில் பெரிய ஆள் என்று நினைத்து, வாராவாரம் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். "ஓகேலா, லாஸ்ட் பிரைஸ்!" என்பார். அப்பா சிரித்தபடி கெண்டைக்காலைத் தடவிக்கொள்வார்.

பிறகு, தொழிற்சாலை பூட்ஸ் கடித்து அப்பாவின் கால் கட்டைவிரலில் வந்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. டாக்டரம்மா பாதத்தில் நாடி பார்த்தார். நாடியே கிடைக்கவில்லை. சிகரெட்டால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கி அடைத்திருந்ததாம்.

"இத்தன நாளா வலிக்கலயா? இன்னும் விட்டா கால எடுக்க வேண்டியதுதான்."

"நடந்தா வலிக்கும், நின்னா விட்டுரும் டாக்டர்," என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. நானோ நாற்காலியில் காலாட்டிக்கொண்டு, சைக்கிளுக்கு மணி இருக்குமா என்ற யோசனையில் இருந்தேன்.

ஜொகூர் பாருவில் ஆப்பரேஷன் நடந்தது. தொடையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி வைத்துத் தைத்தார்கள். கால் பிழைத்தது. அப்பாவின் சிகரெட் பெட்டியை அம்மா குப்பையில் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து மூவரும் மார்க்கெட்டுக்குப் போனோம். கடிகாரக் கடையைக் கடந்தோம், பாத்திரக் கடையையும் கடந்தோம். சைக்கிள் கடை வந்தது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை வீசிக்கொண்டு தாண்டிப் போய்விட்டார்! தவுக்கே வாயைப் பிளந்தார். "நில்லுப்பா!" என்று நான் நடுத்தெருவில் அலறினேன். அவரா நிற்பார்! மீன்கடை வரைக்கும் ஒரே நடையாக நடந்து, அங்கிருந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதம்மா, வேற கடையில பாத்துக்கலாம்," என்று நான்தான் அவளைத் தேற்றினேன். பாவம், அந்தச் சைக்கிள் மேல் அவளும் இவ்வளவு ஆசை வைத்திருப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.