டிராயிங் பீரியடில் அம்மா

எங்கள் பள்ளிக்கூடத்து டைம்டேபிளில் டிராயிங் பீரியட் என்று ஒன்று இருந்தது. அது எங்கள் கைக்கு வந்ததுதான் அபூர்வம். உளுந்தூர்பேட்டையிலிருந்து பஸ் மாறி டிராயிங் சார் வந்து சேர்வதற்குள், கணக்கு டீச்சர் சாக்பீஸும் கையுமாக உள்ளே நுழைந்திருப்பார். சார் பகுதிநேர ஆசிரியர், வாயைத் திறக்கமாட்டார். சிரித்துக்கொண்டே வராந்தாவில் போய் உட்கார்ந்துகொள்வார்.

தப்பிக் கிடைத்த ஒரு பீரியடில், அவரவர் அம்மா முகத்தை வரையச் சொன்னார். வரைந்தோம். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வகுப்பு மொத்தமும் காலண்டர் லட்சுமியை வரைந்து வைத்திருந்தது. காதுவரை நீண்ட கண், மூக்குத்தி, எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. என் அம்மாவும் லட்சுமிதான்.

“உங்க அம்மாவ நீங்க யாரும் பாத்ததே இல்லியா? யாராவது ஒரு அம்மாவ இட்டுக்கினு வாங்க. எதிர்ல உக்கார வெச்சுப் பாத்து வரையலாம்” என்றார். முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் முதலில் கையைத் தூக்கினேன்.

அம்மா கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ராத்திரி, பகல் கிடையாது. நாங்கள் கண்விழிக்கும்போது அவள் கரும்புக் கொல்லையில் இருப்பாள். அவள் சாமான் விளக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கிப்போவோம்.

“இன்னாத்துக்குடி கூப்புடறாரு? எதனா ஒடச்சிட்டியா?”

“இல்லம்மா. நீ சும்மா உக்காந்தா போதும்.”

“சும்மா உக்கார்றதுக்கா?” அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை.

அடுத்த டிராயிங் பீரியட் அன்றைக்கு, இருட்டோடு போய்த் தன் பங்குக் கரும்பை வெட்டிக் கட்டிப் போட்டுவிட்டு, குளித்து, பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டி, கழுத்துவரை பவுடர் அப்பிக்கொண்டு வந்தாள். போட்டோ பிடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தாள். ஆதாருக்குப் படம் எடுத்தபோது அசையக்கூடாது என்று அதட்டியிருந்தார்கள். அந்தப் பயத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முந்தானைக்குள் மறைத்து, மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கண்ணைக் கடைசியில் வரையலாம் என்று வைத்திருந்தேன். முகமும் காதும் முடித்து நிமிர்ந்தால், அம்மா கண்ணை மூடியிருந்தாள். தலை மெல்லச் சாய்ந்து சுவரில் பதிந்தது. முந்தானைக்குள்ளிருந்து கை நழுவி மடியில் விழுந்தது. கரும்புச் சோகை கிழித்த கீறல்கள் முழங்கைவரை தெரிந்தன. பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்கு மானமே போயிற்று.

“எழுப்பட்டா சார்?”

“வேணாம்மா” என்று சார் உதட்டில் விரலை வைத்தார். “இருக்கற மாதிரியே வரைங்க. கையையும் வரைங்க.”

அந்த நேரம் பார்த்து கணக்கு டீச்சர் வந்து நின்றார், போர்ஷன் முடியவில்லை என்று. சார் வாசலுக்குப் போனார். சிரிக்கவில்லை. “இன்னிக்கி தரமாட்டேங்க டீச்சர்” என்றார் தணிந்த குரலில். டீச்சர் எட்டி அம்மாவைப் பார்த்தார். கதவை ஒருக்களித்துவிட்டுப் போனார். அடுத்த பீரியட் அவருடையதேதான். அதற்கும் அவர் வரவில்லை.

ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது, சார் ஓடிப்போய் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். அத்தனை வாலுங்களும் மூச்சுக் காட்டாமல் வரைந்துகொண்டிருந்தன. நான் மட்டும் அடம்பிடித்தேன். தூங்குகிற அம்மாவை யாராவது படம் போடுவார்களா? என் தாளில் கண்ணைத் திறந்துவிட்டேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் அம்மா பதறி எழுந்தாள். “ஐயோ, தூங்கிட்டனா? தப்பா நெனச்சுக்காதீங்க சார்.”

“இல்லீங்க. இவ்ளோ நேரம் அசையாம உக்கார்றதுக்கு யாரால முடியும்? எங்களுக்கு அதாங்க வேணும்.”

அம்மா அதை அப்படியே நம்பிவிட்டாள். ரொம்ப நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பிறகு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். மூடிய கண், கீறல் விழுந்த கை. வாயைப் பொத்திச் சிரித்து, “நானு இப்பிடியா தூங்குவேன்?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அவள் தூங்கி நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

கடைசியில் என் படத்துக்கு வந்தாள். அதை மட்டும் கையில் எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“யாருடி இவ? நல்லா தூங்கி எழுந்தவ மாதிரி இருக்கா” என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண் சரியாக வரவில்லை என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை. அவளோ சாரிடம் கேட்டு அந்தத் தாளை வாங்கி, கசங்காமல் சுருட்டி, முந்தானைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். பிடிக்காத படத்தை எதற்கு இவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.