தீபத்தன்று எனக்கு முன்னால் ஓடியவர்

அண்ணாமலையாரை நம்பி வாழும் என் சொந்தங்களே, நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் செய்த அற்புதத்தைப் பிறகு சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை தீப நாள். செங்கம் ரோட்டில் எனக்குச் சைக்கிள் கடை. பின்னாலேயே வீடு. என் மனைவி வசந்தாவுக்கு நிறைமாதம். எங்கள் முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. "இந்தத் தடவை லேசா வலி எடுத்தாலும் உடனே கூட்டிட்டு வந்துடுப்பா" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அன்று மூன்று மணிக்கே வசந்தா, "வலிக்கிற மாதிரி இருக்குதுங்க" என்றாள். இருவரும் காலையிலிருந்து விரதம். மலையில் தீபம் பார்த்த பிறகுதான் பச்சைத்தண்ணீர்கூட. "ஆறு மணிக்கு ஏத்திடுவாங்க. பாத்துட்டே போயிடலாம்" என்றேன். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சொன்னவன் நான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள்.

ஐந்தரைக்கு ரத்தம் பட்டது. அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். எள் போட இடமில்லை. ஜட்கா வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆஸ்பத்திரி அரை மைல்தான், ஆனால் அமெரிக்கா தூரம்போல் இருந்தது. வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கதறினேன். "அப்பா, உன் தீபத்தைப் பாக்கணும்னுதானே இந்த வேலை பண்ணிட்டேன். இனிமே ஏத்தற நேரத்துல பாக்கவே மாட்டேன். இவளையும் புள்ளையையும் மட்டும் குடுத்துடு."

என் அழுகுரல் கேட்டு, மாடி அறையில் குடியிருந்த ராய் இறங்கி வந்தார்.

ராய் அமெரிக்கர். தியானம் செய்ய வந்து, கொஞ்சம் தமிழும் பழகியவர். ஆள் வாசற்படியில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. தெருவில் அவருக்குத் 'தேர்' என்றே பெயர் வைத்திருந்தோம். தன் ஊரில் ஏழு வருஷம் பந்து விளையாடிச் சம்பாதித்தவர். அவர்கள் ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்களாம். ஒரு நாள் என் கடைத் தரையில் நட்டுகளைப் பரப்பி விளக்கினார். பந்து வைத்திருப்பவன் ஒரு நட்டு. அவனுக்கு முன்னால் ஓடி, பாய்ந்து வருகிறவர்களின் மேல் மோதி வழி உண்டாக்குகிறவன் இன்னொரு நட்டு. "அது நான்" என்றார். "உங்க கைக்குப் பந்து வராதா?" என்றேன். "எப்பவாச்சும். ஜாஸ்தி இல்ல." பேப்பரில் போட்டோ போடுவதும் பின்னால் வருகிறவனைத்தானாம். அடி வாங்கத்தான் சம்பளமா என்று அன்று நான் கேலி செய்தேன். இரண்டு முறை முழங்காலைக் கிழித்துத் தைத்து, இனி ஓடவே கூடாது என்று வைத்தியர்கள் அனுப்பிவிட்ட மனிதர் அவர்.

ராய் வசந்தாவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து முழங்காலில் இறுக்கிக் கட்டினார்.

"தூக்கு. என் முதுகை மட்டும் பாரு. நான் திரும்பினா திரும்பு. கூட்டத்தைப் பாக்காத."

தூக்கினேன். அவர் குனிந்து, கைகளை மார்பில் கட்டி, தோளை முன்னால் கொடுத்துப் புகுந்தார். யாரையும் கீழே தள்ளவில்லை. வந்த இடியையெல்லாம் தானே வாங்கிக்கொண்டார். குறுக்கே வந்த குழந்தையை அள்ளி அதன் அப்பன் தோளில் வைத்துவிட்டு நகர்ந்தார். "யோவ், கண்ணு தெரியல?" என்று ஒருவர் குடைக்காம்பால் அவர் முதுகில் போட்டார். "மெதுவா, மெதுவா" என்றார் ராய். அவருக்குத் தெரிந்த தமிழில் அதுவும் ஒன்று.

பாதி வழியில் அடைத்துக்கொண்டது. தோளோடு தோள், சுவர்போல. வசந்தாவின் தலை என் கையில் துவண்டுவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது மலையில் தீபம் ஏறியது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" ஊரே முழங்கியது. அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் தலைக்கு மேல் போயின. கைகள் மேலே போனதும், நெருக்கி நின்ற உடம்புகளுக்கு நடுவே இடம் பிறந்தது! ராய் அதற்குள் தாழ்ந்து பாய்ந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அந்த நிமிஷத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. எந்தத் தீபத்துக்காக நான் நின்றேனோ, அதை ஏற்றியே எனக்கு வழி விட்டார் அப்பன்.

ஆஸ்பத்திரிப் படியில் ராயின் முழங்கால் மடிந்தது. விழுந்தபடியே உள்ளே கை காட்டினார். ஏழு மணிக்குள் பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். வெளியே வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சாமி" என்று அழுதேன்.

"நான் முன்னால ஓடறவன். அவ்வளவுதான்" என்று சிரித்தார். அதன் பிறகு தடியில்லாமல் அவர் நடக்கவில்லை.

ராய் தன் ஊருக்குத் திரும்பிப் போய் வருஷங்கள் ஆகின்றன. நீங்களும் அண்ணாமலையாரிடம் கேளுங்கள், உறவுகளே. தப்புச் செய்துவிட்டோமே என்று கூசாமல் கேளுங்கள். என்ன உருவத்தில் வருவார் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

என் வேண்டுதலை இன்றுவரை காப்பாற்றுகிறேன். தீபத்தன்று சாயங்காலம் அந்த ரோட்டில் மலைக்கு முதுகைத் திருப்பி நின்று, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு முன்னால் போய் வழி விடச் செய்கிறேன். தீபம் ஏறியதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதிரே நிற்கிற முகங்களெல்லாம் நிமிரும். அவற்றில் ஒன்று என் மகளுடையது.