பேனரில் ஏறிய வெள்ளை அன்னங்கள்

வாரம் முழுக்க கடலூரில் ஆபீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமரா. வீராணம் ஏரியில் தண்ணீர் வற்றிய ஒரு மூலையில், பனிக்காலத்தில் பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்கும். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. இமயமலையைத் தாண்டி வருகிறவை. பழைய பாட்டுகளில் வரும் அன்னம் இதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. ஆள் கிட்டே வந்தால் எழும்பிவிடும் என்பதால் அந்த இடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சேற்றில் குப்புறப் படுத்துக் கிடந்து, கடைசியில் ஒரு நல்ல படம் கிடைத்தது. விடிகிற நேரம், இரண்டு பறவைகள், பின்னால் மதகும் பனைமரங்களும். என் மனைவியின் தம்பி அதைப் பார்த்துவிட்டு, சிதம்பரத்தில் நடக்கவிருந்த தன் மகள் கல்யாண பேனருக்கு வேண்டும் என்றான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வருகிறவர்களில் ஒருவராவது இது என்ன பறவை என்று கேட்பார் என நம்பிக் கொடுத்தேன்.

மண்டப வாசலில் பேனரைப் பார்த்தேன். ஏரி என்னுடையது, பனைமரங்களும் என்னுடையவை. பறவைகளை மட்டும் அழித்துவிட்டு, இணையத்திலிருந்து இரண்டு வெள்ளைச் சீமை அன்னங்களை எடுத்து ஒட்டியிருந்தார்கள். கழுத்தும் கழுத்தும் வளைந்து இதய வடிவம் வேறு. கீழே ‘வீராணம் ஏரி’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். அதை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

மச்சினனைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டேன்.

“கோச்சிக்காதீங்க மாமா. பாக்க வாத்து மாதிரியே இருந்துச்சு. கல்யாண பேனர்ல வாத்த போட்டா சம்பந்தி வூட்ல என்னா நெனப்பாங்க?”

“அதான்டா நம்ம ஊரு அன்னம்” என்றேன். அவன் என்னைப் பரிதாபத்தோடு பார்த்துவிட்டு சம்பந்திகளை வரவேற்கப் போய்விட்டான்.

பந்தியில் ஆளாளுக்கு என்னைப் பாராட்டினார்கள். வீராணத்துக்கு அன்னமெல்லாம் வருகிறதா, எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அது ஒட்டுவேலை என்று நான் சொன்னதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இடத்தை நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோயில்காரர்கள், மதகையும் பனைமரங்களையும் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது கரையில் கார்கள் நின்றன. பிள்ளைகள் தண்ணீரில் பொரி வீசிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் ஒரு பறவைகூட இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைக் கண்டதும் குறைப்பட்டுக்கொண்டார்.

“காலைலேந்து நிக்கிறோம் சார், ஒரு அன்னத்தையும் காணோம். வெறும் வாத்துதான் கொஞ்சம் இருந்துச்சு. புள்ளைங்க கிட்ட போனதும் அதுவும் பறந்துடுச்சு.”

எந்தப் பக்கம் போயின என்று கேட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லையாம். அந்தப் பனிக்காலம் முடியும்வரை அவை அங்கே திரும்பி வரவில்லை.