பச்சைத் தண்ணீரும் என் தாய்மாமனும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை என் ஆள்காட்டி விரல் பச்சையானது. பார்த்ததும் அலறிவிட்டேன்.

விரல் பச்சையானதற்கா இவ்வளவு பதற்றம்? சொல்கிறேன்.

ஆரணியில் ஒரு பட்டுக் கடை வாசலில் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. பாறை, பஞ்சுயிரி, மீன் என்று ஒரு குட்டிக் கடல். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் முதலில் அதன் முன்னால்தான் நிற்பார்கள். அதைக் கவனித்துக்கொள்வது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான்தான்; விலங்கியலில் எம்.எஸ்ஸி. — இதை எப்படியாவது சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் என் செல்லம் ஒரு விசிறிப் புழு. குழாய்க்குள் உடம்பு, வெளியே ஆரஞ்சும் வெள்ளையுமாக விரிந்த விசிறி. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அதில் சிக்கினால்தான் சாப்பாடு. எங்கள் தொட்டியிலோ நுரை எடுக்கும் மெஷின் எல்லாவற்றையும் வழித்துப்போட்டு, தண்ணீரைக் கண்ணாடியாக்கிவிடும். 'சுத்தம் சோறு போடும்' என்று பள்ளிச் சுவரில் எழுதியிருப்பார்களே... இங்கே சுத்தம் சோற்றைப் பிடுங்கிக்கொண்டது!

அதனால் சென்னையில் தோழி வேலை பார்க்கும் லேபிலிருந்து பச்சைத் தண்ணீர் வாங்கி வருவேன். கண்ணுக்குத் தெரியாத கடல்பாசி — உயிரோடு. தினம் ஒரு மூடி. பாட்டில் இருப்பது கடை ஃபிரிட்ஜில், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் 'கலர்' சோடா பாட்டில்களுக்கு நடுவே. 'குடிக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஆபத்து வேறு பக்கமிருந்து வரும் என்று யார் கண்டது?

ஒரு தேர்வுக்காகச் சென்னை போய்த் திரும்பினேன். தினம் ஒரு மூடி ஊற்றும்படி முதலாளியின் மனைவியிடம் சொல்லி, பாதி பாட்டில் விட்டுப் போயிருந்தேன். இப்போது முழுதாக நிறைந்திருந்தது! திறந்தேன். கடல் வாசனை இல்லை. விரலை விட்டுப் பார்த்தேன். சோப்புப் போட்டும் போகாத பச்சை.

"அக்கா, இது இன்னா?"

முதலாளியின் மனைவி முந்தானையைத் திருகினார். "கோச்சிக்காதம்மா. ஃபிரிட்ஜ் தொடைக்க சொல்ல பாட்டிலு கவுந்துடுச்சி. உங்க மாமா நூலு குடுக்க வந்தாரு. ஜல்தியா பட்டறைக்குப் போயி அதே மாரி கலக்கி எடுத்தாந்துட்டாரு."

என் தாய்மாமன் சாயப்பட்டறைக்காரர். கலர் மேட்ச் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"தொட்டியில ஊத்திட்டீங்களா?"

"ரெண்டே மூடிதாம்மா..."

ஓடினேன். விசிறி தனியாகக் கழன்று மணலில் கிடந்தது. குழாயின் வாய் மூடியிருந்தது.

மாமாவை வரச் சொன்னேன். வந்தவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா கண்ணு கொறை? ஒரு வாட்டி பாத்த கலரு எனக்கு மறக்குமா?"

"மாமா, அது கலர் இல்ல. உசுரு. அதுக்கு அதான் சோறு."

"பச்சத் தண்ணியா சோறு?"

"பச்சத் தண்ணிகூட பல்லுல படலன்னு சொல்லுவீங்க இல்ல? இதுக்கு நெசமாவே அதான்."

மாமா மணலில் கிடந்த விசிறியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அப்ப நான் வெஷமா வெச்சிட்டேன்? உனுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதான் கண்ணு செஞ்சேன்."

கத்த வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன். பாசம் என்பதே பெரும்பாலும் இதுதானோ — தனக்குத் தெரிந்ததை அடுத்தவர் தொட்டியில் ஊற்றுவது?

கரி வடிகட்டி போட்டுச் சாயத்தை இழுத்தேன். தண்ணீர் மாற்றினேன். மீன்கள் பிழைத்தன. குழாய் மட்டும் திறக்கவில்லை. "தூக்கிப் போட்டுடும்மா, கல்யாண சீசன்" என்றார் முதலாளி. விசிறிப் புழு பயந்தால் விசிறியை உதறும். உள்ளே உயிர் இருந்தால் மறுபடி முளைக்கும். இருக்கிறதா? அதுதான் தெரியவில்லை. "கொஞ்ச நாள் இருக்கட்டுங்க" என்றேன்.

விசிறி இல்லாமல் அது சாப்பிட முடியாது என்று தெரியும். ஆனாலும், முளைக்கிற அன்று தட்டில் சோறு இருக்க வேண்டாமா? புதிதாக வாங்கி வந்ததில் தினமும் ஒரு மூடி ஊற்றினேன்.

"செத்த புழுவுக்குப் படையல் போட்டுகினு கீது பாரு, எம்மெஸ்ஸி!" — கவுன்டரிலிருந்து கிண்டல். என் பட்டத்தைக் கடையில் அத்தனை பேரும் சரியாக நினைவில் வைத்திருந்தார்கள்.

நேற்று காலை... குழாய் திறந்திருந்தது. நகத்தளவு விசிறி ஒன்று, இப்போதுதான் பிறந்த மாதிரி, ஆடிக்கொண்டிருந்தது.

பட்டறைக்கு ஓடினேன். மாமா முழங்கை வரை சாயத்தோடு நிமிர்ந்தார்.

"மாமா, முளைச்சிடுச்சி!"

"பொழச்சிகிச்சா?" அப்படியே சாயத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, யாருக்கும் கேட்காதபடி மெதுவாக —

"இன்னா கலரு கண்ணு? நம்ம சாயம் புடிச்சிச்சா?"